பேசாத கார்ட்டூன்

அந்தக் காலத்து ஆங்கில வகுப்பில் பசுவைப் பற்றி எழுதியது உங்களுக்கும் நினைவிருக்கும். நாலு கால், இரண்டு கொம்பு, ஒரு வால். பசுவைப் பார்க்காமலேயே எழுதி மார்க் வாங்கலாம்!

பிள்ளைகளைப் பார்த்து எழுத வைக்கக் கார்ட்டூன் உதவும். பிரிட்டனில் இதற்கு இரண்டு வழி உண்டு. 1986இல் பிபிசி, ஆங்கிலம் தாய்மொழியல்லாத குழந்தைகளுக்காக ‘மஸி இன் கோண்டோலாண்ட்’ எடுத்தது. கடிகாரங்களைத் தின்னும் பச்சை நிற மஸி வரும். பாத்திரங்கள் தாங்களே ‘நான் பலசாலி’ என்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லும். சொற்கள் பதியும், ஆனால் திருப்பிச் சொல்வதோடு வேலை முடிந்துவிடும்.

நாற்பது நோட்டு திருத்திய கை எனக்கு. என் ஓட்டு ‘தி ஸ்னோமேன்’ படத்துக்குத்தான். ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட சொற்களே இல்லாத படப் புத்தகம், 1982 டிசம்பர் 26 அன்று சேனல் 4 தொலைக்காட்சியில் கார்ட்டூனாக வந்தது. தொடக்கத்தில் சிறு அறிமுகம், நடுவில் ஒரு பாட்டு. மற்றபடி பேச்சே கிடையாது. பாடத்துக்காக எடுத்ததும் அல்ல. ஆனாலும் அங்குள்ள ஆசிரியர்கள் வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்கும் கதை முழுதாகப் புரியும். புரிந்ததைச் சொல்லத் தவிக்கும்போது ஆசிரியர் எடுத்துக் கொடுக்கும் சொல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் பனிமனிதன் உருகிப்போய், தொப்பியும் மஃப்ளரும் கிடக்கும். பையன் மண்டியிடுவான். அங்கே படத்தை நிறுத்த வேண்டும். ‘சோகமாக இருக்கிறான்’ என்று எழுதினால் விடக்கூடாது. தலை எப்படி இருக்கிறது, கையில் என்ன வைத்திருக்கிறான், சுற்றிலும் என்ன நிறம் என்று கேட்க வேண்டும்.