சிக்னல் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது... மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளில்லாத கடற்கரைக்கு சர்ஃபிங் ட்ரிப் போவது எப்படி?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்னார்வன் நகரத்திலிருந்து வடக்கே 70 கி.மீ.க்கு மேல் போனால், தார்ச்சாலை இந்தியப் பெருங்கடலில் போய் முட்டும். அங்கே ஒரு பெரிய எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அதில் மூன்றே சொற்கள்: 'கிங் வேவ்ஸ் கில்'. அதாவது, 'ராட்சத அலைகள் கொல்லும்'.

அந்தப் பலகையிலிருந்து வலது பக்கம் திரும்பும் மண்சாலையைத் தேடித்தான் உலகம் முழுவதிலிருந்தும் சர்ஃபர்கள் வருகிறார்கள். ரெட் ப்ளஃப், நாரலூ என்ற இரண்டு பெயர்களும் அலைச்சறுக்கு உலகில் அவ்வளவு பிரபலம். பலகையும் பொழுதுபோக்கும் ஒரே இடத்தில் இருப்பதுதான் இந்தக் கடற்கரையின் குணம்.

லாங் வீக்எண்ட் கிடைத்தால் காரில் கிளம்பிவிடும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ் மாணவர்கள், ஐ.டி. ஊழியர்களிடமும் உண்டு. ஆனால், இது ஈ.சி.ஆரில் பைக் எடுத்துப் போவது மாதிரி இல்லை. இங்கே பெரிய ஆபத்து அலையோ சுறாவோ அல்ல, தூரம். ஒரு விபத்து நடந்தால் உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தைத் தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடுதான் இந்தப் பயணத்தின் பிளானிங். அதை எப்படிச் செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்?

பயணம் வழக்கமாகத் தொடங்கும் இடம் பெர்த் நகரம். அங்கிருந்து ஜெரால்டன் சுமார் 420 கி.மீ., ஜெரால்டனிலிருந்து கார்னார்வன் சுமார் 480 கி.மீ. மொத்தம் சுமார் 900 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போய், அங்கிருந்து பாதி வழி திரும்பி வருகிற தூரத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் என்னவென்றால், வழியில் டீக்கடை வராது. நூறு கி.மீ.க்கு மேல் ஊரே இல்லாத பகுதிகள் உண்டு. பெட்ரோல், சாப்பாடு எல்லாமே 'ரோடுஹவுஸ்' எனப்படும் நெடுஞ்சாலைக் கடைகளில்தான்.

கார்னார்வனில் இருந்து நாரலூ மேலும் சுமார் 150 கி.மீ. இதில் பாதி தார்ச்சாலை, மீதி மண்சாலை. ரெட் ப்ளஃப் அதற்குச் சற்று முன்னால் வரும். இவை ஊர்கள் அல்ல. ஆடு மாடு வளர்க்கும் பிரம்மாண்டமான 'ஸ்டேஷன்' பண்ணை நிலங்களின் கடலோரப் பகுதிகள். கட்டணம் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கலாம். உலகப் பாரம்பரியச் சின்னமாக 2011-ல் அறிவிக்கப்பட்ட நிங்கலூ பவளப்பாறைப் பகுதியின் தென்கோடியும் இங்கேதான் தொடங்குகிறது.

எந்த மாதத்தில் போகலாம்?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் சீசன். இந்தியாவில் வெயில் கொளுத்தும்போது அங்கே குளிர்காலம் நெருங்கும். அந்த மாதங்களில்தான் தென்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் அடுத்தடுத்து உருவாகி, நல்ல அலைகளை வடக்கே அனுப்பும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். வெயிலும் 40 டிகிரியைத் தொடும். ஏப்ரல் வந்தாலே புயல் முடிந்துவிட்டது என்றும் நினைக்க முடியாது. 2021 ஏப்ரலில் 'செரோஜா' புயல் இதே வழியில் உள்ள கல்பாரி என்ற சுற்றுலா ஊரைச் சின்னாபின்னமாக்கியது. எனவே கிளம்பும் முன் ஆஸ்திரேலிய வானிலை மையத்தின் அறிவிப்பையும், மண்சாலை திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். மழை பெய்தால் மண்சாலைகளை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதம் உண்டு.

அலை எவ்வளவு பெரியது? இரண்டு எண்களைப் பாருங்கள்

சர்ஃபிங் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது பலரும் செய்கிற தவறு. பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும்: விநாடி. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம் அது.

2 மீட்டர், 8 விநாடி என்று இருந்தால் பக்கத்துக் கடலில் காற்று கிளப்பிய அலை. 2 மீட்டர், 16 விநாடி என்று இருந்தால் ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி, தென்கடல் புயலில் பிறந்து வருகிற அலை. உயரம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது அலை இரு மடங்கு ஆற்றலைச் சுமந்து வரும். கரையோரப் பாறையில் மோதும்போது அதைவிட உயரமாக எழும்.

இந்த நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டம் வந்து போனபின் கடல் பல நிமிடங்கள் அமைதியாகக் கிடக்கும். 'கடல் அமைதியாத்தானே இருக்கு' என்று பாறை மேல் இறங்கி போட்டோ எடுப்பவர்கள், தூண்டில் போடுபவர்கள் அடுத்த கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 'கிங் வேவ்ஸ் கில்' பலகை சொல்வது இதைத்தான்.

கன்னியாகுமரியின் கள்ளக்கடலும் இதுவும் ஒன்றா?

பிறப்பிடம் ஒன்றுதான். தென்கடலில் உருவாகும் நீள் அலைகள் கிழக்கே ஆஸ்திரேலியாவுக்குப் போவதைப் போலவே, வடக்கே கேரளா, குமரிக் கரைகளுக்கும் வந்து சேரும். உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல் திடீரென்று கடல் பொங்குவதால், திருடன் மாதிரி வருகிற கடல் என்ற பொருளில் 'கள்ளக்கடல்' என்று பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான்.

கரையில் நின்று பார்த்து 'இன்னைக்கு பரவாயில்லை' என்று முடிவெடுப்பது இரண்டு இடங்களிலுமே வேலைக்கு ஆகாது. முதலில் முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். அதன்பிறகு, தண்ணீரில் கால் வைக்காமல் 20 முதல் 30 நிமிடங்களாவது கடலைக் கவனிக்க வேண்டும்.

புதிதாக சர்ஃபிங் கற்பவர்கள் போகலாமா?

ரெட் ப்ளஃபிலும் நாரலூவிலும் அலை உடைவது மணல் மேல் அல்ல, பாறைத்திட்டின் மேல். அலையிலிருந்து விழுந்தால் சில அடி ஆழத்திலேயே கூரான பாறை இருக்கும். நாரலூவின் புகழ்பெற்ற அலைக்கு வைத்திருக்கும் பெயரே 'டூம்ஸ்டோன்ஸ்', அதாவது கல்லறைக் கற்கள். அனுபவசாலிகளுக்கான இடம் இது.

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ நான்கு நாள் வகுப்பு போனவர்கள் பெர்த்தின் ஸ்கார்பரோ, ட்ரிக் போன்ற கடற்கரைகளில் பழகுவது நல்லது. அங்கே உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். நாரலூ பக்கம் போனால் இவர்கள் கரையிலிருந்து வேடிக்கை பார்க்கலாம், நட்சத்திரம் பார்க்கலாம், ஜூன் முதல் அக்டோபர் வரை கடந்து போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். அதுவே தனி அனுபவம்தான்.

சுறாவா, நீரோட்டமா? எதற்குப் பயப்பட வேண்டும்?

இந்தக் கடலில் சுறா உண்டு. அதிகாலை, அந்தி நேரங்களில் இறங்காமல் இருப்பது, தனியாகப் போகாமல் இருப்பது, மீன்கூட்டமோ திமிங்கிலமோ தெரிந்தால் கரையேறுவது ஆகியவை பொதுவான அறிவுரைகள். மேற்கு ஆஸ்திரேலிய அரசின் 'ஷார்க்ஸ்மார்ட்' செயலியில் சுறா நடமாட்டம் பற்றிய தகவல் வரும்.

ஆனால், ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் ஆண்டுதோறும் சுறாவைவிட அதிக உயிர்களைப் பறிப்பது 'ரிப்' எனப்படும் இழுவை நீரோட்டம். கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய பாதை வழியாகக் கடலுக்குள் திரும்பும்போது ஆளையும் இழுத்துச் செல்லும். அலை உடையாமல், அமைதியாக, கருநீலமாகத் தெரியும் பட்டைதான் பெரும்பாலும் ரிப். பாதுகாப்பான இடம் என்று தவறாக நினைத்துப் பலரும் இறங்குவதும் அங்கேதான். 2024 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் பிலிப் தீவில், உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில் இந்திய வம்சாவளியினர் 4 பேர் மூழ்கி இறந்தனர்.

ரிப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. சக்திதான் தீரும். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்து கரையேற வேண்டும். போர்டு இருந்தால் அதை விடவே கூடாது. அதுதான் மிதவை.

வண்டி, பெட்ரோல், தண்ணீர்: கணக்கு எப்படி?

வண்டி: மண்சாலைக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் சரி. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் மண்சாலைக்கு அனுமதி இருக்காது. மீறிப்போய் விபத்தானால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். மணலில் ஓட்டும்போது டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பார்கள். திரும்ப நிரப்ப கம்ப்ரஸரும், ஒரு ஸ்டெப்னிக்கு இரண்டு ஸ்டெப்னியும் வேண்டும்.

எரிபொருள்: கார்னார்வனில் டேங்க்கை முழுசாக நிரப்பிவிட வேண்டும். போய் வர 300 கி.மீ. 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 36 லிட்டர். மணலும் மேடும் அதைக் கூட்டும் என்பதால் 500 கி.மீ.க்கான அளவு, அதாவது 60 லிட்டர் கையிருப்பு இருப்பது பாதுகாப்பு.

தண்ணீர்: கூடாரம் போடும் இடத்தில் குடிநீரை எதிர்பார்க்க முடியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 5 லிட்டர். இரண்டு பேர் ஐந்து நாள் தங்கினால் 50 லிட்டர். வண்டி நின்றுபோனால் சமாளிக்க 20 லிட்டர் கூடுதல். மொத்தம் 70 லிட்டர். ஒரே கேனில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும். ஒரு கேன் உடைந்தாலும் மற்றவை மிஞ்சும்.

நேரம்: இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. கங்காரு, ஈமு, மாடு எல்லாம் அந்தி நேரத்தில் சாலைக்கு வரும். வடக்கே போகும் நெடுஞ்சாலையில் 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள 'ரோடு ட்ரெயின்' லாரிகளும் ஓடும். ஓவர்டேக் செய்ய அவசரப்பட வேண்டாம்.

சிக்னல் இல்லாத இடத்தில் உதவி கேட்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் அவசர எண் 000. ஆனால் டவர் இல்லாத இடத்தில் அந்த எண்ணால் பயனில்லை. அங்கே கைகொடுப்பது 'பி.எல்.பி.' எனப்படும் கையடக்க அவசர சமிக்ஞைக் கருவி. பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும். மாதச் சந்தா கிடையாது. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். ஐபோன் 14 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி இருக்கிறது. போனில் சார்ஜ் இருந்தால்தான் அது என்பதை மறக்க வேண்டாம்.

கருவியைவிட முக்கியமானது ஒரு மனிதர். எந்த வழி, எந்த கேம்ப், என்றைக்குத் திரும்புவோம், வண்டி நம்பர் என்ன என்பதை எழுதி ஊரிலிருக்கும் நண்பரிடம் கொடுக்க வேண்டும். 'ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் கூப்பிடலைன்னா போலீஸுக்குச் சொல்லிடு' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 'போய்ட்டு வந்து பேசுறேன்' என்பது பிளான் ஆகாது.

வழியில் வண்டி நின்றுவிட்டால், அதை விட்டுவிட்டு நடக்கக் கூடாது. நிழலும் தண்ணீரும் வண்டியில்தான் இருக்கின்றன. வானத்திலிருந்து தேடுபவர்களுக்கு மனிதரைவிட வண்டிதான் சீக்கிரம் கண்ணில் படும்.

அடிபட்டால் பக்கத்து மருத்துவமனை கார்னார்வனில்தான். பாறையில் கிழித்த காயத்தைக் கழுவிக் கட்ட, ரத்தத்தை நிறுத்த மருந்துப்பெட்டி அவசியம். குழுவில் ஒருவராவது முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நிலைமை மோசமானால் 1928-ல் தொடங்கப்பட்ட ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் விமானம் உதவிக்கு வரலாம். ஆனால் அதுவரை பார்த்துக்கொள்ள வேண்டியது பக்கத்தில் இருப்பவர்தான்.

கேம்பில் கவனிக்க வேண்டியவை

* முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம். சீசனில் இடம் கிடைப்பது கஷ்டம்.
* பாறை விளிம்பில் கூடாரம் போடக் கூடாது. சுண்ணாம்புப் பாறையின் அடிப்பகுதியைக் கடல் அரித்திருக்கும்.
* நெருப்பு மூட்ட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தடை அறிவிக்கும் நாட்களும் உண்டு.
* நிங்கலூ கரையின் சில கேம்ப்களில் சொந்தமாக கெமிக்கல் டாய்லெட் கொண்டு வருபவர்களுக்கு மட்டுமே அனுமதி.
* குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். இது பையுங்கு பழங்குடி மக்களின் பாரம்பரிய நிலம். ஆமைகள் முட்டையிடும் கரையும்கூட.

கடைசியாக ஒன்று

900 கி.மீ. ஓட்டிவந்து, லீவு போட்டு, காசு செலவழித்து, கடலைப் பார்த்தபிறகு 'இன்று வேண்டாம்' என்று சொல்வது கஷ்டம். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்ற நினைப்புதான் பலரைத் தண்ணீரில் இறக்குகிறது. அதனால் பிளான் போடும்போதே இரண்டு நாட்களைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும். அலை அடங்கும்வரை காத்திருக்க நாள் கையில் இருந்தால், அவசரப்பட்டு இறங்க வேண்டிய கட்டாயம் இருக்காது.