கரை உடைந்தால் யார் பொறுப்பு?

தம் செலவில் குளம் வெட்டி நீர் தேக்குவது செல்வமுடையார்க்கு அரிய செயலன்று. ஆனால் தேங்கிய நீர் எல்லைக் கல்லை அறியாது. அது கரையை மீறி அண்டை அயலாரின் உடைமையை அழிக்குமாயின், விடை சொல்ல வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு வரலாறு தந்துள்ள இரண்டு தீர்ப்புகள் நம் சிந்தனைக்கு உரியவை.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஜான் ரைலண்ட்ஸ் என்பவர் பெரும் ஆலை அதிபராக விளங்கினார். ஐன்ஸ்வொர்த் என்னுமிடத்திலிருந்த தம் ஆலைக்குத் தண்ணீர் வேண்டி, 1860 ஆம் ஆண்டில், வில்டன் பிரபுவின் நிலத்தில் அவரது இசைவுடன் ஒரு நீர்த்தேக்கம் அமைத்தார். வேலையைப் பொறியாளரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் ஒப்படைத்தார். தோண்டும்போது, கைவிடப்பட்டு மண் மூடிக் கிடந்த பழைய சுரங்கக் குழிகள் சில தென்பட்டன. வேலை செய்தோர் அவற்றை உறுதியாக அடைக்கவில்லை. அவை எங்கே சென்று முடிகின்றன என்று ஆராயவும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 11 ஆம் நாள், நீர்த்தேக்கம் முழுதும் நிரம்பு முன்னரே, அக்குழிகள் வழியே நீர் உடைத்துக்கொண்டு இறங்கி, தாமஸ் பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. நேர்ந்த சேதம் 937 பவுன்.

குழிகள் இருந்ததையே ரைலண்ட்ஸ் அறியார். எனவே 1865 இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மேல் நீதிமன்றம் அதை மாற்றியது; 1868 ஜூலை 17 இல் பிரபுக்கள் சபை அம்மாற்றத்தை உறுதி செய்தது. தப்பிச் சென்றால் தீங்கு விளைக்கத்தக்க பொருளைத் தன் நலத்துக்காக நிலத்தில் கொணர்ந்து சேர்ப்பவன், தன்மீது தவறில்லாவிடினும் நஷ்டத்துக்குப் பொறுப்பாளியே என்பது அதன் சாரம். ரைலண்ட்ஸின் மறைவுக்குப் பின் அவர் மனைவி மான்செஸ்டரில் அவர் பெயரால் அழகிய நூல்நிலையம் ஒன்றை நிறுவினார். ஆயினும் சட்டம் பயிலும் மாணவர் உலகெங்கும் அவரை அறிவது அந்தக் குளத்தினால்தான்.

ஆறே ஆண்டுகளில் அந்த நெறி நம் மண்ணில் சோதிக்கப்பட்டது. இன்று ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்திலுள்ள கார்வேட்டிநகர ஜமீனில், பழைய ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துச் சென்றன. கம்பெனி நஷ்ட ஈடு கோரியது. 1874 இல் பிரிவி கவுன்சில் அதை மறுத்தது. இந்நாட்டில் ஏரி ஒருவரது சொந்த ஆதாயத்துக்கு அமைந்ததன்று. மக்கள் உயிர்வாழத் தொன்றுதொட்டு அமைந்த பாசன ஏற்பாட்டின் ஓர் உறுப்பு. அதைத் தூர்த்துவிட ஜமீந்தாருக்கு உரிமையில்லை. பழுதுபார்த்துக் காக்கும் கடமையே உண்டு. ஆதலின் அவரது கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர்மீது பொறுப்புச் சுமத்தலாகாது என்றனர் நீதிபதிகள்.

இரு தீர்ப்புகளும் முரண்பட்டவை போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அவ்வாறன்று. தன் ஆதாயத்துக்காக நீர் தேக்கியவன் விளைவு முழுவதையும் ஏற்க வேண்டும். ஊருக்காக நீர் காப்பவனுக்குச் சட்டம் நிழல் தருகிறது. ஆனால் அந்நிழல் அவன் விழிப்போடு காத்து நிற்கும் வரைதான். கரையைப் பேணாது விட்டவனுக்கு அத்தீர்ப்பிலும் அடைக்கலம் இல்லை.

குளம் வெட்ட எண்ணுவோர் இதிலிருந்து கொள்ளத்தக்கது தெளிவானது. முதலில் மண்ணின் அடிவயிற்றை அறிதல் வேண்டும். பழங்கிணறும் குழியும் இருப்பின் கெட்டியாக அடைத்தல் வேண்டும். பெருமழை நீர் வழிந்தோடக் கலிங்கு அகலமாக அமைதல் வேண்டும். வழிந்த நீர் எவர் நிலத்தில் விழும் என்பதை, முதல் கூடை மண் அள்ளுமுன்பே அவரோடு அமர்ந்து பேசி முடிவு செய்தல் வேண்டும். ரைலண்ட்ஸின் பணியாளர்கள் அந்தக் குழிகளைக் கண்டபோது வேலையை ஒரு நாள் நிறுத்தி ஆராய்ந்திருந்தால், நெடிய வழக்கும் இல்லை. பிளெட்சரின் சுரங்கமும் பிழைத்திருக்கும்.