தாத்தாவுக்கு ஒரு கல்

வந்ததிலிருந்து என்னை முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கிற எதிரணி நண்பர்களே (சிரிப்பு), ஏலக்காய் மணக்கும் எங்க போடிநாயக்கனூரில் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

'வரலாற்றைப் படைப்பவர்கள் தலைவர்களா, சாதாரண மனிதர்களா?' இதுதான் தலைப்பு. எதிரணியில பேசின ஐயா என்ன சொன்னார்? இரண்டாம் உலகப் போரை நடத்தினது சர்ச்சில், ஹிட்லர், ரூஸ்வெல்ட், ஸ்டாலின்னு அடுக்கிக்கிட்டே போனார். ஐயா, பேரெல்லாம் சரிதான். அதுல யாராவது ஒருத்தர் அந்தப் போர்ல முதுகுல அரிசி மூட்டை தூக்கினாரா? எங்க தாத்தா தூக்கினார்! (கைதட்டல்)

தாத்தா இந்த மலைக்காரர். குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கோவேறு கழுதை மேல அரிசி ஏத்திக்கிட்டுப் போவார். இறங்கும்போது ஏலக்காய் மூட்டையோட வருவார். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான். பர்மா அரிசி நின்னுபோச்சு. 1928-ல் எங்க ஊருக்கு வந்த ரயிலும் போச்சு. எப்படி? போர்த் தேவைக்குன்னு மதுரை - போடி தண்டவாளத்தையே பேர்த்து எடுத்துட்டாங்க. தண்டவாளமே பட்டாளத்துக்குப் போன ஊருங்க இது! (சிரிப்பு) 'இரும்பே போயிருச்சு, நான் இருந்து என்ன பண்ண'ன்னு தாத்தாவும் கிளம்பிட்டார்.

தேசபக்தியா? இல்லைங்க. வீட்டுல கட்டிக்கொடுக்க ரெண்டு தங்கச்சி. சிப்பாய்க்கு ஆரம்பச் சம்பளம் மாசம் இருபது ரூபாய்க்கும் கீழே. ஆனா மாசம் தவறாம மணியார்டர் வரும். அந்தப் போர்ல இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் பேர் பட்டாளத்துல சேர்ந்தாங்க. திரும்பி வராதவங்க ஏறத்தாழ 87,000 பேர். அதுல எத்தனை வீட்டுக்கு மணியார்டர் நின்னுபோச்சுன்னு யாராவது கணக்கு வெச்சாங்களா?

முதல் உலகப் போர் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் சென்னைக் காலாட்படைப் பட்டாளங்களை ஒண்ணொண்ணா கலைச்சான். தென்னாட்டுக்காரன் சண்டைக்கு லாயக்கில்லைன்னு அவன் நினைப்பு. அடுத்த போர்ல ஆள் பத்தலைன்னதும் 'மதராஸ் ரெஜிமெண்ட்'டை மறுபடி எழுப்பினான். லாயக்கில்லாதவனுக்கு ஒரே ராத்திரியில லாயக்கு வந்துருச்சு! (பலத்த சிரிப்பு) அந்த ரெஜிமெண்ட்லதான் தாத்தா சேர்ந்தார்.

அனுப்பின இடம் மணிப்பூர், இம்பால். 1944 மார்ச்சில் ஜப்பான் படை உள்ளே புகுந்து ரோட்டை மறிச்சிருச்சு. ஜூன் 22-ல் கோஹிமா ரோடு திறக்கிற வரைக்கும் ஆகாய விமானம் கொண்டு வந்ததுதான் சாப்பாடு, ரவை, மருந்து எல்லாம். ரேஷனைக் குறைச்சிட்டாங்க. 2013-ல் லண்டன் ராணுவ அருங்காட்சியகத்துல ஒரு வாக்கெடுப்பு வெச்சாங்க. பிரிட்டன் நடத்தின போர்களிலேயே பெரியது எதுன்னு கேட்டதுக்கு, இம்பால் - கோஹிமாதான் முதலிடத்துக்கு வந்துச்சு.

அந்தப் பெரிய போரைப் பத்தித் தாத்தாகிட்டக் கேட்டா என்ன சொல்லுவார் தெரியுமா? "நம்ம ஏலமலை மாதிரிதான்டா. அதே மழை, அதே அட்டை, அதே காய்ச்சல். கூடவே ஒருத்தன் சுடுவான், அம்புட்டுத்தான்!" (சிரிப்பு)

சிரிச்சிட்டோம். ஆனா அதுக்குள்ள ஒரு பெரிய உண்மை இருக்கு. 1943-ல் குண்டடி பட்டு ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனா, நோயில விழுந்து 120 பேர் போனாங்க. இதைச் சொன்னது நான் இல்லை, பர்மாப் போரை நடத்தின தளபதி ஸ்லிம். மலேரியாவுக்கு 'மெப்பாக்ரின்'னு ஒரு மஞ்சள் மாத்திரை. தின்னா தோலே மஞ்சளாயிரும். அதைத் தின்னா பிள்ளை பிறக்காதுன்னு ஒரு புரளி வேற. தாத்தா தினமும் தின்னார். திரும்பி வந்து ஏழு பிள்ளை பெத்தார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இம்பாலில் அவர் பார்த்த ஒரு விஷயத்தை மட்டும் சிரிக்காம சொல்லுவார். எதிரிக்குப் பின்னால காட்டுக்குள்ள போன 'சிண்டிட்' படைக்குக் கோவேறு கழுதைகள் இருந்துச்சு. அது கத்தினா எதிரிக்குக் கேட்டுரும் இல்லையா? அதனால ஆபரேஷன் பண்ணி அதுங்க குரலை எடுத்துட்டாங்க. கழுதையோடயே வளர்ந்த மனுஷன் எங்க தாத்தா. "வாயைத் திறக்குதுடா, சத்தம் வரலை"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிருவார்.

1945-ல் பர்மாவுக்குள்ள நடந்த இன்னொண்ணு. பிடிபட்ட கூட்டத்துல ஒரு பையன். நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துக்காரன். மலாயா ரப்பர் தோட்டத்துல பிறந்தவன். அந்தப் படையில அப்படிப்பட்ட தமிழ்ப் பிள்ளைங்க ஏராளம். தாத்தா தமிழ்ல பேச்சுக் கொடுத்தார், "எந்த ஊருய்யா?" அவன் சொன்னான், "எங்க அப்பாருக்குப் பெரியகுளம் பக்கம்." அடுத்த ஊருங்க! தாத்தா தன்னோட பங்கு பிஸ்கட்டை அவன் கையில வெச்சார். வேற எதுவும் கேட்கலை.

கடைசிக் காலத்துல என்கிட்டச் சொன்னார்: "அவன் நாட்டுக்காகச் சண்டை போட்டான். நான் வீட்டுக்காகச் சண்டை போட்டேன். ரெண்டு பேருக்கும் பசிதான்டா இருந்துச்சு." (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, கூப்பிட்டது தலைவர்கள்தான், மறுக்கலை. ஆனா அந்த பிஸ்கட்டைக் கொடுன்னு எந்தத் தலைவரும் உத்தரவு போடலை. அதுவும் வரலாறுதானே?

1946-ல் ஆட்குறைப்புல அனுப்பிட்டாங்க. பென்ஷனுக்கு 15 வருஷ சர்வீஸ் வேணும், தாத்தாவுக்கு அது இல்லை. மதுரையில இறங்கினா, போடிக்கு வர ரயிலும் இல்லை. வண்டியிலயும் நடந்துமா வந்து சேர்ந்தார். மறுவாரமே மலையேறிட்டார். கொண்டு வந்த பர்மா ஸ்டார் பதக்கத்தை அப்பத்தா ஏலக்காய் டப்பாவுல போட்டு வெச்சாங்க. அந்த நாலு வருஷத்தைப் பத்தி ஊர்ல யாரும் கேட்கலை, அவரும் வாய் திறக்கலை. கழுதைக்குக் கத்தி வெச்சு அறுத்தாங்க. எங்க தாத்தாவுக்குக் கத்தியே தேவைப்படலைங்க. (அரங்கில் அமைதி)

போன தண்டவாளத்தை 1950-களில் திரும்பப் போட்டாங்க. அப்புறம் அகலப் பாதையாக்குறதுக்காகப் பல வருஷம் நிறுத்திட்டு, 2023 ஜூனில் மறுபடி ரயில் விட்டாங்க. ஊரே திரண்டு போய் வரவேற்றோம். இரும்பு திரும்பி வந்ததுக்கு மாலை போட்டோம். ஆள் திரும்பி வந்தப்போ போட்டோமா?

இதே தேனி மாவட்டத்துல, ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர். 2006-ல் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அதுல ஒண்ணு யாருக்கு? ராஜாவுக்கு இல்லை. மாடு பிடிக்கிற சண்டையில செத்துப்போன ஒரு சாதாரண வீரனுக்கு. அவன் பேரைச் செதுக்கி வெச்சிருக்கான் நம்ம பாட்டன். பர்மாவுல தௌக்கியான் கல்லறைத் தோட்டத்துல, உடம்பு கிடைக்காத ஏறத்தாழ 27,000 வீரர்களோட பேரைக் கல்லுல வெட்டியிருக்காங்க. அதுல நம்ம பேர்களும் இருக்கு. அயல்நாட்டுல இருக்கிற பேரு, அவன் பிறந்த தெருவுல இல்லை.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறங்க. ஒரு பதக்கமோ, ஒரு டிஸ்சார்ஜ் காகிதமோ கிடந்தா, அது யாருடையதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. ஒரு நோட்டுல பேரை எழுதி வையுங்க. எங்க தாத்தாவுக்கு நான் நட்ட கல், இந்த மேடையில பேசின இந்தப் பேச்சுதான்.

வரலாற்றைப் படைப்பவர்கள் சாதாரண மனிதர்களேன்னு சொல்லி விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)