திண்மநிலைச் சாயச் சூரியக்கலம்: இலங்கை ஆய்வு வரலாறு

ஒளியை உறிஞ்சச் சாயத்தையும், மின்னேற்றத்தைக் கடத்தத் திரவத்துக்குப் பதிலாகத் திண்மக் குறைகடத்தியையும் கொண்ட சூரியக்கலம். இதன் முன்னோடி ஆய்வுகள் 1990களில் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில், பௌதிகவியலாளர் கீர்த்தி தென்னகோன் தலைமையில் நடைபெற்றன. மலையகத்தில் பிறந்த ஓர் ஆய்வு உலகெங்கும் எடுத்தாளப்பட்டதற்கு இது சிறந்த சான்று. ஆய்வில் சாயமாகப் பயன்பட்ட பீனோல் சேர்வைகளையொத்தவை தேயிலையிலும் இருப்பதால், பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் இதைத் தொடர வாய்ப்பு உண்டு.

பின்னணி

தென்னகோன் துணிக்கைப் பௌதிகத்தில் தொடங்கியவர். நியூத்திரினோக்களுக்குத் திணிவு இருக்கக்கூடும் என்பது பற்றி சந்திப் பக்வாசாவுடன் அவர் எழுதிய கட்டுரை 1972இல் வெளியானது. பின்னர் மாத்தறை ருகுணுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் குறைகடத்திகளின் பக்கம் திரும்பினார்.

1991இல் பிரயன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்சலும் நேச்சர் இதழில் சாயச் சூரியக்கலத்தை அறிமுகப்படுத்தினர். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துளைப் படலத்தில் சாயத்தை ஏற்றினால், ஒளி பட்டதும் சாயம் இலத்திரனைப் படலத்துக்குக் கொடுக்கும். இழந்த இலத்திரனைச் சாயத்துக்குத் திருப்பித் தருவது அயடீன் கலந்த திரவம். அத்திரவம் ஆவியாவதும் கசிவதும் கலத்தின் ஆயுளைக் குறைத்தன.

1995: கண்டியின் விடை

தென்னகோன் குழு திரவத்தை அகற்றி, அதனிடத்தில் செப்பு அயடைட்டை வைத்தது. அது ஒளியைப் பெரிதும் மறைக்காது, அசற்றோநைத்திரைலில் கரையும். செய்முறையும் எளியது. கடத்தும் கண்ணாடியில் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பசையைப் பூசிச் சூளையில் சுட வேண்டும். சாயத்தில் ஊறவைக்க வேண்டும். பிறகு சூடான தட்டில் வைத்துச் செப்பு அயடைட்டுக் கரைசலைத் துளித்துளியாக இட வேண்டும். கரைப்பான் ஆவியாக, துளைகளுக்குள் பளிங்குகள் படியும். அக்கலத்தில் பயன்பட்ட சாயம் பூக்களில் காணப்படும் சயனிடின். 1995இல் வெளியான இக்கட்டுரை திண்மநிலைச் சாயக் கலங்களின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று.

பளிங்குகள் பெருத்துத் துளைகளுக்குள் இறங்காமற் போனதே அடுத்த தடை. ஜப்பானின் ஷிசுவோகாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, தயோசயனேற்று உப்பைச் சிறிதளவு சேர்த்துப் பளிங்கு வளர்ச்சியை அடக்கும் வழியை 2002இல் இக்குழு வெளியிட்டது.

மேற்கோள்களும் தாக்கமும்

ஓர் ஆய்வாளரின் பயனை அளக்க இன்று பெரிதும் வழங்கும் எச்-சுட்டெண்ணை 2005இல் முன்வைத்தவரும் ஒரு திண்மநிலைப் பௌதிகவியலாளரே: ஹோர்ஹே ஹிர்ஷ். குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருந்தால் சுட்டெண் 20. எத்தனை தடவை எடுத்தாண்டார்கள் என்பதை அது சொல்லும். எதை எடுத்து எதைக் கட்டினார்கள் என்பதைச் சொல்லாது. கண்டி ஆய்வின் பெருமை இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. சாயத்துக்குப் பதிலாகப் பெரொவ்ஸ்கைற்று எனும் பளிங்குப் பொருளால் ஒளியை உறிஞ்சும் சூரியக்கலங்கள் 2012இல் எழுச்சி பெற்றபோது, மலிவான திண்ம மின்னேற்றக் கடத்திகள் மீண்டும் தேவைப்பட்டன. அமெரிக்காவில் பிரசாந்த் காமத் குழு செப்பு அயடைட்டைக் கொண்டு 6 வீத வினைத்திறன் பெற்றது. கண்டிக் குழு 2001இல் சல்பைட்டுக் கரைப்பானிலிருந்து படியவைத்த செப்புத் தயோசயனேற்று, 2017இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வொன்றில் 20 வீதத்தைத் தாண்டிய கலங்களில் இடம்பெற்றது.

தமிழ் ஆய்வாளர்களுள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புண்ணியமூர்த்தி ரவிராஜன் இதற்கு நெருங்கிய துறையான பல்பகுதிய–ஒட்சைட்டுக் கலங்களில் குறிப்பிடத்தக்க கட்டுரைகளை எழுதியுள்ளார்.

ஊவாவும் இவ்வாய்வும்

தனின்களும் அவற்றையொத்த பீனோல் சேர்வைகளும் தைத்தேனியம் ஈரொட்சைட்டில் சாயமாகச் செயற்படுவதைத் தென்னகோன் குழு 1996இல் காட்டியது. அடுத்தடுத்த இரு ஐதரொட்சைல் கூட்டங்கள் உலோக அயனை இறுகப் பற்றுவதே இதன் அடிப்படை. அதே அமைப்பு தேயிலைக் கொழுந்திலும் உண்டு. உலர்கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பல்பீனோல்களே. கலத்தின் படலத்துக்கு வேண்டிய தைத்தேனியத்தின் கனியமான இல்மனைற்றும் இலங்கையிலேயே, புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடைக்கிறது.

பதுளை பசறை வீதியில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் கனிய வளத் தொழில்நுட்பத்தையும் பட்டப்படிப்புகளாகக் கற்பிக்கிறது. இந்த ஆய்வுக்குத் தேவையான இரண்டு அறிவும் ஒரே வளாகத்தில் இருப்பது அரிய வாய்ப்பு. ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் நடத்தும் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் மிகக் குறைவு. இயற்கைச் சாயக் கலமோ 1998 முதல் பாடசாலைப் பரிசோதனையாகவே உலகில் பரவிவருகிறது. ஸ்மெஸ்டாடும் கிரெட்சலும் பழச்சாற்றைக் கொண்டு அதற்கான செய்முறையை எழுதினர். பழச்சாற்றின் இடத்தில் தேயிலைச் சாயத்தை வைத்து அதே பரிசோதனையைப் பசறையிலும் ஹாலிஎலையிலும் பண்டாரவளையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில் செய்யலாம். கண்டியில் தொடங்கிய ஆய்வு தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்துசேர இது குறைந்த செலவில் ஆகும் ஒரு வழி.