தகவலுக்கும் சுங்கச் சாவடி

பண்டைக் காலந்தொட்டுக் கடல் கடக்கும் சரக்குக்குத் துறைமுகத்தில் சுங்கம் உண்டு. கணிப்பொறி வழியே நாடு விட்டு நாடு செல்லும் தகவலுக்குச் சுங்கச் சாவடி எங்கே? இவ்வினா புதியதன்று. 1973-ஆம் ஆண்டிலேயே சுவீடன், மக்களைப் பற்றிய கணிப்பொறிக் குறிப்புகளை அயல்நாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டுமென்று சட்டம் இயற்றியது.

பின்னர் ஐரோப்பா முழுவதும் இக்கொள்கை பரவிற்று. அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தகவல் அனுப்புவதற்கென 2000-இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பைச் சுட்டி, 2015-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 2016-இல் பிறந்த இரண்டாம் ஏற்பாடும் 2020-இல் வீழ்ந்தது. மூன்றாவது 2023-இல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத நேர்ந்தது. அதே 2023-இல் மெட்டா நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 120 கோடி யூரோ.

இனி நம் நாட்டைக் காண்போம். தில்லியிலோ மும்பையிலோ வாழும் நம்மில் ஒருவர் கடையில் அட்டையை நீட்டிப் பொருள் வாங்குகிறார். பணம் இந்திய வங்கியிலிருந்து இந்திய வணிகருக்கே செல்கிறது. ஆயினும் முன்பு அதன் பதிவு கடலுக்கு அப்பாலுள்ள கணிப்பொறியில் தங்கிவிட்டதுண்டு. வழக்கோ மோசடியோ நேரின் அப்பதிவைப் பிறநாட்டாரிடம் கேட்டுப் பெறுவதா? 2018 ஏப்ரல் 6-ஆம் நாள், பணப் பரிமாற்றத் தகவல் முழுவதையும் இந்தியாவிலேயே சேமிக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆறு திங்கள் தவணை கொடுத்தது. அயல்நாட்டில் கணக்குத் தீர்க்கலாம். ஆனால் ஒரு நாளுக்குள் அங்குள்ள பதிவை அழித்து, இங்குக் கொணர வேண்டுமென 2019-இல் விளக்கமும் அளித்தது.

ஆணைக்கு இணங்காத காரணத்தால் 2021-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகியவை புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. மாஸ்டர்கார்டுக்கு அத்தடை நீங்கியது 2022 ஜூன் திங்களில்தான். அதுவரை அதன் புதிய அட்டைகளை வழங்கவியலாத வங்கிகள் வேறு நிறுவனங்களை நாடின.

2023-ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசு தடுக்கும் நாடுகள் நீங்கலாகப் பிற நாடுகளுக்குத் தகவல் செல்ல இடந்தருகிறது.

குடிமக்களின் தகவலைக் காப்பது அரசின் கடமையே. ஆயினும் விதி மாறுந்தோறும் பெரிய நிறுவனம் செலவைத் தாங்கும். சிறு வணிகர் திகைப்பர். ஆகவே விதி உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. நிலையாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். சுங்கச் சாவடி எங்கே உள்ளதென்று முன்கூட்டி அறிந்த வணிகரே துணிந்து வண்டி பூட்டுவர்.