சீனி ஆன கருப்பட்டி, கருப்பட்டி ஆன சீனி

குலசேகரன்பட்டினம்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு முத்தாரம்மன் கோயில் தசரா. இன்னொண்ணு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோ ராக்கெட் ஏவுதளம். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர் பேரை வெளியூர்ல சொன்னா, வியாபாரிங்க வேற ஒண்ணைச் சொல்லியிருப்பாங்க: சீனி ஆலை. அதுவும் கரும்புல இல்லீங்க, பனையில இருந்து வெள்ளைச் சீனி எடுக்கற ஆலை!

வீட்டு வைத்தியம் பத்தி எழுத வந்தவன் எதுக்கு ஆலைக் கதை சொல்றான்னு நினைக்காதீங்க. ரெண்டும் ஒரே கதைதான்.

முதல்ல நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில இருந்து ஆரம்பிப்போம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருமல் சளின்னா சுக்குக் காப்பி. சுக்கு, மல்லி, நாலு மிளகு தட்டிப் போட்டு, இருந்தா ரெண்டு துளசி இலையும் சேர்த்துக் கொதிக்க வச்சு, கருப்பட்டியைக் கரைச்சு வடிகட்டிக் குடிப்பாங்க. வறட்டு இருமல்னா பால்ல மிளகுத்தூளும் பனங்கற்கண்டும். பொம்பளைப் பிள்ளை பெரியவளாயிட்டா தொலி உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகுல கிண்டி, நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி உளுந்தங்களி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைங்களுக்குத் திங்க, தை மாசம்னா அவிச்ச பனங்கிழங்கு (நாரை உரிச்சுட்டு மிளகு, பூண்டு, உப்பு வச்சு இடிச்சுக் குடுத்தா இன்னும் விசேஷம்). கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. அதுலயும் கருப்பட்டி, அதைச் சுத்துறதும் பனை ஓலை.

கவனிச்சீங்களா? மருந்தும் பலகாரமும் தனித்தனியா இல்லை. ரெண்டுமே ஒரே மரத்துல தொங்குது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதைப் படிச்சா, எங்க ஊர்ப் பனங்கட்டியும் ஒடியலும் என்ன குறைச்சலான்னு சண்டைக்கு வருவாங்க. வாங்க, சந்தோஷம் :-)

இந்தக் கரையில இவ்வளவு பனை வந்ததுக்கு மண்தான் காரணம். குலசேகரன்பட்டினம், உடன்குடி, திசையன்விளைன்னு போற இந்தப் பக்கம் தாமிரபரணி வாய்க்கால் எட்டாத மணல் பூமி. சில இடத்துல செக்கச்செவேல்னு தேரிக்காடு. நெல்லு விளையாது, ஆனா பனை நிக்கும். ஆத்துத் தண்ணி பாயற ஊருக்கு நெல்லுன்னா, இந்த ஊர்களுக்குப் பதநீர். இடையன்குடியில 1841-ல் வந்து தங்கிய கால்டுவெல் பாதிரியார், இந்த வட்டாரத்து மக்கள் பதநீரையும் கருப்பட்டியையும் உணவாவே சாப்பிட்டு நாளை ஓட்டுறதைப் பத்தி எழுதியிருக்கார். (1849-ல் வந்த அவரோட அந்தப் புத்தகத்துல மக்களைப் பத்திச் சொன்ன பல விஷயங்களுக்குப் பிற்பாடு கடும் எதிர்ப்பு வந்துச்சு, அது தனிக்கதை.)

அப்படின்னா கருப்பட்டிங்கறது முதல்ல சோறு. அப்புறம்தான் மருந்து, பலகாரம் எல்லாம். பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் கிடைக்கற பதநீரை அப்படியே வச்சா அன்னிக்கே புளிச்சுக் கள்ளாயிடும். அதனாலதான் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறாங்க, அது புளிப்பைத் தடுக்கும். அந்தப் பதநீரை விடிலியில (ஓலைக்குடிசைதான், அங்கதான் அடுப்பு) மணிக்கணக்காக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில ஊத்தினா கருப்பட்டி. மழைக்காலத்துக்கு வெயில் காலத்தைச் சேமிச்சு வைக்கற வழி அது. மழைக்காலத்துலதானே சளியும் இருமலும் வரும்? பரண்ல இருக்கற கருப்பட்டிக்கும் வர்ற நோவுக்கும் அப்படித்தான் சம்பந்தம் உண்டாகியிருக்கணும்ங்கறது என் எண்ணம்.

இப்ப ஆலைக்கு வருவோம்.

இவ்வளவு இனிப்பு ஒரே இடத்துல குவிஞ்சு கிடந்தா கம்பெனிக்காரன் கண்ணுல படாம இருக்குமா? மெட்ராஸ் பாரி கம்பெனியோட நிர்வாகத்துல இருந்த ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ், குலசேகரன்பட்டினத்துல ஆலை வச்சது. நெல்லிக்குப்பத்துல கரும்பு ஆலை நடத்தின அதே கம்பெனிதான். ஆலைக்குச் சரக்கு வரணுமே, அதுக்காக 1910-களின் நடுவில ரெண்டடி அகலத் தண்டவாளத்துல ஒரு குட்டி ரயிலும் விட்டாங்க. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உடன்குடி, திசையன்விளைன்னு பனங்காட்டு வழியா ஓடின ரயில். ஜனங்களும் அதுல போனாங்க. திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூருக்கு மீட்டர் கேஜ் பாதை வந்ததே 1923-லதான். அதுக்கு முன்னாடியே இந்தப் பனங்காட்டுல ரயில் ஓடியிருக்குன்னா பாத்துக்கோங்க.

ஆனா ஆலையும் நிலைக்கலை, ரயிலும் நிலைக்கலை. 1940-ல் ரயில் நின்னுபோச்சு. இன்னிக்கு அந்தப் பாதையைத் தேடிப் போனா, வழி சொல்ல வயசானவங்க வேணும்.

ஏன் நிலைக்கலை? பல காரணம் சொல்லலாம். எனக்குப் படற முக்கியமான காரணம் இதுதான். கருப்பட்டியைச் சுத்தம் பண்ணி வெள்ளைச் சீனி ஆக்கிட்டா, அதுல பனை எங்க இருக்கு? பனையில இருந்து வந்தாலும் கரும்புல இருந்து வந்தாலும் சுத்தமான சீனி ஒரே சரக்குதான், வேதியியல்ல ரெண்டுக்கும் பேரு சுக்ரோஸ்தான். வாசம், நிறம், கூட இருக்கற தாதுப்பு எல்லாத்தையும் கழிச்சிட்டு, கடைசியில வெறும் விலையில மட்டும் கரும்போட மோதணும். கரும்பை வெட்ட ஆள் தரையில நின்னா போதும். பனைக்கு ஒருத்தர் ஏறணும், நாளுக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு மரமா. அந்தக் காலத்துல ஜாவாவில இருந்து மலிவாச் சீனி வந்து இறங்கிச்சு. 1932-ல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் நாடு பூரா கரும்பு ஆலைகள் பெருகிச்சு. இந்தப் போட்டியில பனை எப்படி ஜெயிக்கும்?

ஆலை போச்சு. விடிலி போகலை. ஏன்னா விடிலி விலையை நம்பி இல்லை, வீட்டு அடுக்களையை நம்பி இருந்துச்சு. சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டிதான் வேணும்னு கேக்கற ஆச்சிங்க இருந்தாங்க. 1934-ல் காந்தியும் ஜே.சி.குமரப்பாவும் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் ஆரம்பிச்சப்ப, பனைவெல்லத்தைக் கையில எடுத்ததும் இதே கணக்கை வச்சுத்தான்: ஆலைக்குப் போட்டியா இல்லை, அந்தந்த ஊரோட சாப்பாடா.

இதோட கதை முடிஞ்சிருந்தா சுபம் போட்டுடலாம். ஆனா இப்ப சக்கரம் தலைகீழாச் சுத்துது.

அன்னிக்குக் கருப்பட்டியைச் சீனி ஆக்கப் பாத்தாங்க. இன்னிக்குச் சீனியைக் கருப்பட்டி ஆக்குறாங்க! மூட்டை மூட்டையாக் கரும்புச் சீனியை வாங்கி, பாகு காய்ச்சி, நிறத்துக்கும் வாசத்துக்கும் கொஞ்சம் பழைய கருப்பட்டியைக் கலந்து சிரட்டையில ஊத்தினா முடிஞ்சது. உணவுப் பாதுகாப்புத் துறை பல ஊர்ல சோதனை போட்டுப் பிடிச்ச செய்தியை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது நல்ல சேதிதான். ஆனா பேருக்கு மவுசு கூடினா போலிக்கும் மவுசு கூடுமே.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேணும். அதுக்கு ஒருத்தர் உசிரைக் கையில பிடிச்சு மரம் ஏறணும், பாளை சீவணும். இன்னொருத்தர், அநேகமா வீட்டுப் பெண்கள், அடுப்புப் புகையில நின்னு மணிக்கணக்காக் கிண்டணும். விறகு வேற. இத்தனைக்கும் அப்புறம் அது கரும்புச் சீனியை ஒட்டின விலைக்குக் கிடைக்குதுன்னா, யாரோ ஏமாத்துறாங்க, இல்லைன்னா யாரோ ஏமாந்துட்டாங்க. அந்தப் போலி விலைக்குத் தன் சரக்கை விக்க முடியாம மரத்தை விட்டு இறங்குறவர்தான் உண்மையான பனையேறி.

தண்ணியில போட்டுப் பாரு, உடைச்சுப் பாரு, கடிச்சுப் பாருன்னு ஆளுக்கொரு சோதனை சொல்லுவாங்க. கலப்படக்காரனுக்கும் அதெல்லாம் தெரியும். உறுதியாச் சொல்லணும்னா ஆய்வகம்தான். கரும்பும் பனையும் காத்துல இருக்கற கார்பனை வேற வேற முறையில எடுத்துக்குது, அந்த வித்தியாசம் சீனி வரைக்கும் தங்கும், கருவியில தெரியும். வீட்டுல அது முடியாது. வீட்டுல முடியறது ஒண்ணுதான்: சீசன்ல, காய்ச்சறவங்ககிட்ட இருந்தோ அவங்களை அறிஞ்ச கடையிலிருந்தோ, ஒரு வருஷத்துக்கானதை மொத்தமா வாங்கி வைக்கறது. நம்ம ஆச்சிங்க செஞ்சது அதைத்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அசல் கருப்பட்டியா இருந்தாலும் அதுல பெரும்பகுதி சர்க்கரைதான். சர்க்கரை வியாதிக்காரங்க "இது நாட்டு மருந்து, ஒண்ணும் பண்ணாது"ன்னு அள்ளிப் போட்டுக்காதீங்க. சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம், காய்ச்சல் ரெண்டு மூணு நாள் விடலைன்னா டாக்டர்கிட்ட போகணும். வெயில்ல மரம் ஏறி இறங்கின உடம்புக்குக் கருப்பட்டி சோறா இருந்துச்சு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற நமக்கு அது ஒரு துண்டு போதும்.

பனை 1978-ல் இருந்து தமிழ்நாட்டோட மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்ல 76 லட்சம் பனை விதை குடுக்கறதாவும், கலெக்டர் அனுமதி இல்லாமப் பனையை வெட்டக் கூடாதுன்னும் அறிவிச்சாங்க. நல்லது. ஆனா விதைச்ச பனை பதநீர் தர பதினஞ்சு வருஷம் போல ஆகும். அன்னிக்கு மரம் இருக்கும், ஏற ஆள் இருக்கணுமே? அந்த ஆளுக்கு இன்னிக்குச் சரியான கூலி கிடைச்சாத்தானே அவர் பிள்ளை தளைநாரைக் கையில எடுப்பான்?

குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் மேல போகட்டும், பெருமைதான். பக்கத்துத் தேரியில பனையேறியும் மேல போயிட்டு இருக்கணும். அடுத்த தடவை கருப்பட்டி வாங்கும்போது விலையைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்காம, எந்த ஊரு, யாரு காய்ச்சினதுன்னு ஒரு கேள்வி கேளுங்க. அப்படியே உங்க ஊர்ல கருப்பட்டியை வச்சு என்னென்ன பலகாரம், என்னென்ன கை வைத்தியம்னும் எழுதுங்க மக்களே.