இரு கொம்பனிகளும் இலாபக் கணக்கும்

வேறு வேறு நாட்டு வணிக நிறுவனங்கள் வகுத்துக்கொண்ட நெறிகளையும் அவை ஈட்டிய பயனையும் ஒப்பிடுவார்க்கு, கிழக்கிந்தியக் கொம்பனிகள் இரண்டும் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆங்கிலக் கொம்பனி 1600 ஆம் ஆண்டிலும் ஒல்லாந்தக் கொம்பனி 1602 ஆம் ஆண்டிலும் தோன்றின. இரண்டும் கீழைத்தேய வாணிபத்தில் தத்தம் நாட்டின் தனியுரிமை பெற்றவை. முதல் திரட்டிய முறையிலேயே அவை வேறுபட்டன.

ஒல்லாந்தர் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டரைத் திரட்டி, அதனை நிலையான முதலாக வைத்துக்கொண்டனர். ஆங்கிலேயரோ தொடக்கத்தில் ஒவ்வொரு கடற்பயணத்திற்கும் தனித்தனியே பணஞ் சேர்த்து, கப்பல்கள் மீண்டபின் முதலையும் இலாபத்தையும் பங்கிட்டனர்; 1657 இலேயே நிலையான முதலை அமைத்தனர். முதல் நிலைத்திருந்தமையால், உடன்பயன் தராத கோட்டைகளிலும் ஆசியத் துறைமுகங்களுக்கிடையிலான வாணிபத்திலும் ஒல்லாந்தர் பணத்தை இடமுடிந்தது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையை அவர்கள் கைப்பற்றியதும் இந்நெறியின் வழிப்பட்டதே.

இனி, பயனை நோக்குவோம். ஒல்லாந்தக் கொம்பனி சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வீதம் பங்கிலாபம் அளித்ததென்பர். ஆயின் அவ்வீதம் 1602 ஆம் ஆண்டின் முதலின்மீது கணிக்கப்பட்டதாகும். பிற்காலத்தில் 100 கில்டர்ப் பங்கொன்றை 450 கில்டர் கொடுத்து வாங்கியவனுக்கு, 18 கில்டர் என்பது நூற்றுக்கு 4 வீதமே. ஆங்கிலேயரின் தொடக்கப் பயணங்களிற் பங்கிடப்பட்ட தொகையிலோ இட்ட முதலும் அடங்கியிருந்தது. எனவே இவ்விரு கணக்குகளையும் அப்படியே அருகருகே வைத்து நிறுத்தல் பொருந்தாது. மேலும், ஒல்லாந்தர் பத்தாவியாவிலும் தாய்நாட்டிலும் வெவ்வேறு ஏடுகளை வைத்திருந்தனர். அவற்றை ஒருங்கிணைத்த முழுக்கணக்கு ஒருபோதும் ஆக்கப்படவில்லை.

உயர்ந்த பங்கிலாபம் உறுதியான நிலைக்குச் சான்றுமன்று. 1771 இல் நூற்றுக்கு 12½ வீதம் அளித்த ஆங்கிலக் கொம்பனி, 1773 இல் அரசிடமிருந்து 14 இலட்சம் பவுண் கடன் பெற வேண்டியதாயிற்று.

ஏட்டில் ஏறாத செலவுகளும் உள. 1621 இல், சாதிக்காய்த் தனியுரிமையின் பொருட்டு ஒல்லாந்த ஆள்பதி கூன் பண்டாத் தீவுகளைத் தாக்கினான். அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் மாண்டனர், அல்லது அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர், அல்லது தப்பியோடினர். வங்கத்தில் 1770 இல் கொடும்பஞ்சம் நிலவியபோதும் ஆங்கிலக் கொம்பனி நிலவரியைத் தண்டிற்று. பங்காளிகளின் இலாபத்தை மட்டும் அளக்கும் கோலுக்கு இவை தென்படா.

யாழ்ப்பாணம் 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799 இன் முடிவில் ஒல்லாந்தக் கொம்பனி மறைந்தது. நிறுவனங்களின் வெற்றியை ஒப்பிடும் மாணவர், வீதத்தைக் காணுமுன் அது எம்முதலின்மீது கணிக்கப்பட்டது, எவருடைய இழப்பு அதில் விடுபட்டது என்பவற்றை வினவுதல் வேண்டும்.